டெமோ வீட்டு மெஷின்

சூடு ஆறாத ரொட்டியைப் பைக்குள் போட்டால் அது உள்ளேயே வேர்த்து, மறுநாளே பூஞ்சை பிடித்துவிடும். அதனால் ரொட்டித் தொழிற்சாலையின் பேக்கிங் கூடத்தில், அடுப்பிலிருந்து வந்த ரொட்டிகள் கம்பித் தட்டுகளில் ஆறிக்கொண்டிருக்கும் நேரம் என்று ஒன்று உண்டு. அந்த நேரத்தில் பெண்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. சூப்பர்வைசர் மட்டும் தலைபோகிற வேலை இருப்பதுபோல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பார். யார் வீட்டில் என்ன நடந்தாலும் அது முதலில் இந்தத் தட்டுகளுக்குப் பக்கத்தில்தான் பேசப்படும். வீட்டுக்காரர்களுக்கே பிறகுதான் தெரியவரும்.

தன் வீட்டில் புது வாஷிங் மெஷின் இருக்கிறது என்பது பெரியக்காவுக்கு அப்படித்தான் தெரியவந்தது.

பெரியக்கா என்பது கூடத்துப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர். ரொட்டியைத் துண்டு போடும் இயந்திரத்தின் முன்னால் நிற்பவள். வாயைத் திறந்து பேசுவது குறைவு, பேசினால் எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் காரியம் முடியும். அவளிடமிருந்து ரொட்டியை வாங்கிப் பைக்குக் கிளிப் போடுகிறவள் சிட்டு. கைக்கு இருக்கிற வேகம் வாய்க்கும் இருக்கட்டும் என்று கடவுள் தாராளமாகக் கொடுத்திருந்தார்.

"அக்கா, மெஷின் வந்துடுச்சு!" என்றாள் சிட்டு, தலைத்தொப்பியைக்கூடச் சரியாகப் போடாமல்.

"என்ன மெஷின்?"

"அட, உங்க வீட்ல இருக்கே, அதேதான். கண்ணாடிக் கதவு வெச்சது. நேத்து சாயங்காலம் எறக்கிட்டுப் போனாங்க. அண்ணன்தான் கடையில எடுத்துக் காட்டினாரு."

அண்ணன் என்று அவள் சொன்னது பெரியக்காவின் கணவரை. கடைத்தெரு முனையில் இருக்கும் பெரிய மின்சாதனக் கடையில் அவர் விற்பனையாளர். மெஷின் கதவைத் திறந்து மூடி, பித்தானை அமுக்கி, ஓடாத மெஷினை ஓடுவதுபோலவே வாயால் ஓட்டிக் காட்டுவதில் அவருக்கு நிகர் அவரே. கடையில் அவரை டெமோ என்பார்கள். தெருவிலும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

பெரியக்கா ஒரு ரொட்டியைத் தொட்டுச் சூடு பார்த்தாள். அவர்கள் வீட்டில் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் கிடையாது.

"எனக்கும் மொதல்ல மனசே இல்லக்கா. எதுக்கு இவ்ளோ பெரிசுன்னுதான் நெனச்சேன். அண்ணன் உங்களப் பத்திச் சொன்னாரு பாருங்க, அப்பதான் சரின்னு பட்டுச்சு."

"என்னப் பத்தியா? என்ன சொன்னாரு?"

"பழைய மெஷின்ல போட்டுப் போட்டு நீங்க கஷ்டப்பட்டதுதான். கை வலி தாங்காம மெஷின் முன்னாடி நின்னு அழுவீங்களாமே. ஒருநாள் அத அவரு பாத்துட்டாராம். அதுக்கப்புறம்தான் இதத் தூக்கிட்டு வந்தாராம். சொல்றப்போ அண்ணனுக்கே கண்ணு கலங்கிடுச்சு, பாவம்."

சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை பெரியக்காவுக்குப் புதிது. இரக்கப்பட்டுப் பார்க்கிற பார்வை. அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை.

'இல்லவே இல்லை' என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை பேர் முன்னால் கட்டினவரைப் பொய்யர் ஆக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆமா" என்றாள்.

பொய் ஒரு தடவை சொன்னால் தீர்ந்துபோகிற சரக்கு இல்லை. சிட்டு உடனே நெருங்கி வந்தாள். "அப்போ ஒரு உதவி பண்ணுங்கக்கா. மொத வாட்டி போட்டதுமே பாதியில நின்னுடுச்சு. கதவும் தொறக்க மாட்டேங்குது. மாமனாரோட பெட்ஷீட்டு மொத்தமும் உள்ள மாட்டிக்கிச்சு. சர்வீஸ் ஆளு இப்போ அப்போன்னு இழுக்கறான். நாளைக்கு லீவுதானே, வந்து ஒரு தடவ சொல்லிக் குடுங்களேன். தெனமும் ஓட்டறவங்க நீங்க."

"வரேன்" என்றாள் பெரியக்கா. வேறு என்ன சொல்ல?

வேலை முடிந்து வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான். கொட்டித் தீர்த்துவிட்டுப் போகவும் தெரியாது, விடவும் தெரியாது. உடைந்த ரொட்டிகளைத் தொழிலாளிகளுக்கே கொடுத்துவிடுவார்கள். அந்தப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு நடந்தாள்.

வீட்டுப் பின்கட்டில், கூரைத் தகட்டுக்குக் கீழே அவளுடைய மெஷின் நின்றது. துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இரண்டு தொட்டி வைத்த பழைய ரகம். மேலே மூன்று திருகுகள். எதில் எது என்று எழுதியிருந்த எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. அவளுக்கு எழுத்து தேவைப்படவில்லை. சோப்புத் தண்ணீர் ஒரே தடவைதான் கலக்குவாள். முதலில் வெள்ளைத் துணி, அதே தண்ணீரில் சாயத் துணி, கடைசியில் மிதியடியும் தரைதுடைக்கும் துணியும். நடுவில் ஒரு கைக்குட்டை விட்டுப்போனால் மூடியைத் திறந்து போடலாம். அது கோபித்துக்கொள்ளாது. பிழியும் தொட்டியில் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் மெஷின் தடதடவென்று நடக்க ஆரம்பிக்கும். மூடியைத் திறந்து, துணியைப் பரப்பி வைத்து, "இப்போ போ" என்பாள். போகும்.

அடுக்களையில் இருந்த குளிர்சாதனப் பெட்டிக்கும் அதே வயசுதான். வாராவாரம் நிறுத்திவைத்துப் பனிக்கட்டியை உருக்க வேண்டும். நிறுத்திவைக்கிற நாளில் அதில் மிச்சம் மீதி எது இருக்கிறது என்று பார்த்து ஒரு சூப் வைத்துவிடுவாள். அதனால் அந்த வீட்டில் எதுவும் கெட்டுக் குப்பைக்குப் போனதில்லை.

அவள் கஞ்சம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. கஞ்சம் இல்லை. செருப்பு தேய்ந்தால் அன்றே புதுசு வாங்கிவிடுகிறவள்தான். ஒரு பொருள் அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது அதை எதற்கு வெளியே அனுப்ப வேண்டும் என்பது அவளுக்கு விளங்குவதில்லை, அவ்வளவுதான். கடை விளம்பரத்தாள் வந்தால் கடைசிப் பக்கம்வரை ஆசையாகப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அலமாரித் தட்டில் விரித்துவிடுவாள்.

டெமோ வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு நாற்காலியில் விழுந்தார். நாள் முழுவதும் பேசிவிட்டு வருகிற மனிதர், வீட்டில் அதிகம் பேசமாட்டார். உடைந்த ரொட்டியை முட்டையில் தோய்த்து வாட்டி, தட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் பாதி சாப்பிடும்வரை பொறுத்திருந்தாள். வெறும் வயிற்றோடு ஒருவரைக் கேள்வி கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"ஏங்க, நான் எப்போ அழுதேன்?"

அவர் நிமிர்ந்தார். "என்னது?"

"மெஷின் முன்னாடி நின்னு அழுதேனாமே. சிட்டு சொன்னா. பேக்கிங் கூடமே என்னப் பாத்து உச்சுக் கொட்டுது."

ரொட்டித் துண்டு கையிலேயே நின்றது. "அது... கடையில எல்லாரும் சொல்றதுதாம்மா. 'எங்க வீட்லயும் இதான்'னு சொன்னாத்தான் ஜனங்க நம்பறாங்க. ஏசி பிரிவுல ஒரு பையன் இருக்கான், கல்யாணமே ஆகல. அவனுக்கு ரெண்டு கொழந்தைங்க, ரெண்டுக்கும் உடம்பெல்லாம் வேர்க்குரு. கேக்கறவங்க அழுதுடுவாங்க."

வேறு சமயமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

"அவனுக்கு இல்லாத கொழந்தைங்கள அவன் என்ன வேணா சொல்லிக்கட்டும். நான் இருக்கேனே. உசுரோட இருக்கற பொண்டாட்டிய வெச்சு மெஷின் வித்திருக்கீங்க. இல்லாத மெஷின இருக்குன்னு மட்டும் சொல்லி வித்திருந்தாக்கூடப் பரவாயில்ல. என்னை அழவெச்சு வித்திருக்கீங்க."

"அழவெச்சு விக்கல. நீ அழுதே. நான் பாத்தேன்."

"எப்போ?"

"பாப்பா வேலைக்குன்னு கெளம்பிப் போனாளே, அதுக்கு அடுத்த வாரம். நான் குடைய மறந்துட்டுத் திரும்பி வந்தேன். பின்கட்டுல நீ மெஷின் முன்னாடி நின்னே. முதுகு குலுங்கிச்சு. ரெண்டு கையையும் தேச்சுக்கிட்டே அழுதே."

பெரியக்காவுக்கு அந்த நாள் முழுசாக நினைவுக்கு வந்தது. ஒரே மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகு முதன்முதலாகத் துணி போட்ட நாள் அது.

"அது கை வலியில்லீங்க" என்றாள் மெதுவாக. "துணியெல்லாம் போட்டுட்டுப் பாத்தேன். தொட்டியில பாதிகூட நெறயல. உங்க சட்ட ரெண்டு, என்னோடது ரெண்டு. தண்ணிதான் சும்மா சுத்திச்சு. அவ இருந்தா அமுக்கி அமுக்கித் திணிக்கணும். அதான் அழுதேன்."

டெமோ கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தார்.

"நான் கை வலின்னே நெனச்சிட்டேன்."

"என்னன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா, புது மெஷின் வேணும்னு சொல்லிடுவியோன்னு பயம். கடையில பாதிப் பேர வேலையிலேர்ந்து நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு ஓடிக்கிட்டிருந்த நேரம் அது. அப்போ போயி மெஷினா வாங்க முடியும்? சத்தம் போடாம வாசல் வழியா அப்படியே போயிட்டேன். குடையக்கூட எடுக்கல." அவர் தட்டில் கிடந்த பொடியை விரலால் ஒதுக்கினார். "அதுக்கப்புறம் யாராவது ஒரு பொம்பள வந்து அந்த மெஷின் முன்னாடி நின்னா, நீ நிக்கற மாதிரியே இருக்கும். வாங்கித் தந்துட்டேன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசம் மாதிரி ஆயிடுச்சு."

அவளுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. இத்தனை காலமும் இந்த மனிதர் தன்னை ஒரு பாவப்பட்ட பிறவியாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கிறார் என்பது மட்டும் நெஞ்சை அறுத்தது.

"இப்போ கேட்டுக்கோங்க. எனக்குக் கஷ்டமில்ல. இது போதும்."

"நீ அப்படித்தான் சொல்வே. அதான் உன்னக் கேக்காமலே கடையில சொல்லிட்டேன். செவ்வாக்கிழம நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வருது."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? உனக்குத்தான்."

"எனக்கா? நீங்க சொன்ன பொய்ய நெசமாக்கறதுக்கு ஒரு மெஷினா?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். பெரியக்கா தட்டை எடுத்தாள். புது மெஷின் வருவதுகூட அவளுக்குப் பெரிதில்லை. வந்தால் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும். அவள் 'போதும்' என்று சொல்வது அவர் காதில் 'பரவாயில்லை' என்று விழுகிறதே, அதை என்ன செய்வது? திருப்தியாக இருக்கிறேன் என்பதை ஒரு மனுஷி எத்தனை தடவை சொன்னால் நம்புவார்கள்? அந்தப் பழைய மெஷினை அவள் பிடித்துப்போய்த்தான் வைத்திருக்கிறாள், பொறுத்துக்கொண்டு அல்ல. இது அவருக்குப் புரியாமல் போனால் மீதி நாளெல்லாம் அவள் அந்த வீட்டில் அழுகிற பெண்டாட்டியாகத்தான் இருக்க வேண்டும். அன்று இரவு அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் காலையில் அவள் கிளம்பியபோது, "நானும் வரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டார். "நீ எதுவும் பேச வேணாம். நான் பாத்துக்கறேன்."

சிட்டுவின் வீடு மாடியில். நடைவழியை அடைத்துக்கொண்டு புது மெஷின் நின்றது. ஒட்டிய தாளைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பாதி உயரத்துக்குச் சோப்புத் தண்ணீரும், அதில் ஊறிய பெட்ஷீட்டுகளும் தெரிந்தன. மேலே சின்னச் சின்ன விளக்குகள் மினுக்கின. உள்ளறையில் படுத்த படுக்கையாக இருந்த மாமனார், "டெமோ வந்துட்டாரா? என் போர்வைய வெளிய எடுக்கச் சொல்லு மொதல்ல" என்று குரல் கொடுத்தார். அவர் பக்கத்தில் சிட்டுவின் கணவன் உட்கார்ந்து, மடித்துப் போட்ட பழைய துணியை அவருக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தான். மாற்றுப் பெட்ஷீட் ஒன்றுகூட உலர்ந்திருக்கவில்லை.

"வாங்கக்கா." சிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். "நான் எதையும் தொடல. நீங்க வீட்ல எப்படிப் பண்ணுவீங்களோ அப்படிப் பண்ணுங்க. நான் பாத்துக் கத்துக்கறேன்."

பெரியக்கா மெஷின் முன்னால் நின்றாள். திருகு ஒன்றுகூட இல்லை. வழவழவென்று ஒரே கண்ணாடி.

டெமோ தொண்டையைச் செருமினார். "அது வந்தும்மா, எங்க வீட்லயும் ஆரம்பத்துல இப்படித்தான்..."

பழக்கதோஷம். வாய் தானாகப் போய்விட்டது. பெரியக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்ல இது இல்ல, சிட்டு."

"என்னக்கா?"

"இந்த மெஷின் எங்க வீட்ல இல்ல. என்னிக்கும் இருந்ததில்ல. பழைய ரெண்டு தொட்டி மெஷின்தான். நேத்து நீ கேட்டப்போ ஆமான்னு சொன்னது என் தப்பு."

சிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்போ அழுதது?"

"அழுதேன். ஆனா மெஷினுக்காக இல்ல. வேற விஷயம்."

"அதத்தானக்கா நம்பினேன்." சிட்டுவின் முகம் சிவந்துவிட்டது. "அலுங்காம நிக்கற பெரியக்காவே அழுதாங்கன்னா, நான் எந்த மூலைக்குன்னு நெனச்சேன். அண்ணே, உங்க வீட்டுக்கு வேணாம்னு வெச்சிருக்கறத என் தலையில கட்டிட்டீங்க, இல்ல?"

டெமோ குனிந்த தலை நிமிரவில்லை. "அப்படி இல்லம்மா" என்றார். பித்தானை அமுக்கினால் கொட்டுகிற பேச்செல்லாம் எங்கே போனதோ.

பெரியக்காதான் பேசினாள். "கோபப்படு, தப்பில்ல. ஆனா ஒண்ணு கேளு. உனக்கு இது வேணும். உள்ள ஒருத்தர் படுத்திருக்காரு. நீ வேலைக்கும் போகணும், விடிஞ்சா பொழுது போனா பெட்ஷீட்டும் மாத்தணும். போட்டுட்டு நீ உன் பாட்டுக்குப் போலாம், அது தானா முடிச்சு வெக்கும். உனக்கு அது இன்னொரு ஆளு மாதிரி. எனக்கு அந்த அவசரம் இல்ல, நான் வெச்சிருக்கறது எனக்குப் போதும். அதுக்காக உன்னோடது வீண் இல்ல. அத இவரு நேரா உங்கிட்ட சொல்லியிருக்கணும், என்னை அழவெக்காம."

உள்ளேயிருந்து மாமனார், "எல்லாம் சரி, என் போர்வை?" என்றார்.

டெமோ சட்டென்று தரையில் மண்டியிட்டார். மெஷினின் அடியில், மூலையில் இருந்த ஒரு சின்ன மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார். உள்ளே விரல் தடிமனில் ஒரு குழாய். "தாம்பாளம் மாதிரி ஏதாவது இருந்தா குடும்மா" என்றார். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்றுவிட்டால் இப்படித்தான் வடிக்க வேண்டும். கடையில் இதை அவர் யாருக்கும் காட்டியதில்லை. காட்டினால் இது கெட்டுப்போகிற மெஷின் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்களாம். சிட்டு தட்டைக் கொண்டுவர, அவர் வடிக்க, பெரியக்கா கொண்டுபோய்க் கொட்ட, வெகுநேரம் போனது. டெமோவின் பேன்ட் முழங்கால்வரை நனைந்த பிறகு கதவு 'டக்'கென்று திறந்தது.

"துணி வந்துடுச்சு. மத்தத சர்வீஸ் ஆளு வந்துதான் பாக்கணும். நாளைக்கு விடிஞ்சதும் நானே போயி அவனக் கையோட கூட்டிட்டு வரேன்" என்றார் டெமோ.

"அதுவரைக்கும் இந்தச் சோப்புத் துணிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"வாளியில போடு" என்றாள் பெரியக்கா. "எங்க வீட்டுக்குப் போலாம்."

தூறலில் மூன்று பேரும் ஆளுக்கொரு வாளியோடு தெருவில் நடந்தார்கள். சிட்டு கோபமாகத்தான் வந்தாள். பாதி வழியில் கோபத்தை மறந்து, சூப்பர்வைசர் வழுக்கி விழுந்த கதையை ஆரம்பித்துவிட்டு, நினைவு வந்து மறுபடி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

பின்கட்டில் டெமோ சட்டைக் கையை மடித்தார். "நான் போடறேன். எந்தப் பித்தான்?"

"பித்தான் இல்ல. திருகணும்."

திருகினார். தண்ணீர் வரும் குழாயையும் திறந்துவிட்டார். தொட்டி நிறையவே இல்லை. வடிகுழாயை மேலே தூக்கி மாட்டாததால் வந்த தண்ணீரெல்லாம் அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வாஷிங் மெஷின் விற்ற மனிதர் தன் வாழ்க்கையில் ஒரு துணிகூடத் துவைத்ததில்லை என்பது அப்போது வெட்டவெளிச்சமானது. சிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு வந்துவிட்டது. பெரியக்கா வடிகுழாயை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். மெஷின் தன் வழக்கமான முனகலோடு சுற்ற ஆரம்பித்தது. மூன்று பேரும் மூடியைத் திறந்துவைத்துப் பெட்ஷீட்டுகள் புரள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏண்ணே, நெசமாவே அக்காவுக்கு இதுல கஷ்டமே இல்லையா?" என்றாள் சிட்டு.

டெமோ வாயைத் திறந்தார். கடைக் குரல் தயாராகத்தான் இருந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"தெரியலம்மா" என்றார். "இத்தன வருஷத்துல நான் கேட்டதே இல்ல."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். வாடிக்கையாளரைப் பார்க்கிற பார்வையும் இல்லை, பாவம் பார்க்கிற பார்வையும் இல்லை. பதில் தெரியாமல் கேட்கிற ஆள் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

"கஷ்டமா இருக்கா?"

நேற்று முழுக்க நாக்கின் நுனியில் இருந்த 'போதும்' அவளுக்கு உடனே வரவில்லை. நிஜமாகவே கேட்கிற கேள்விக்கு யோசித்துத்தான் சொல்ல வேண்டும். யோசித்தாள்.

"பெட்ஷீட்டு மட்டும்" என்றாள். "நனஞ்ச பெட்ஷீட்ட இந்தத் தொட்டியிலேர்ந்து அந்தத் தொட்டிக்கு மாத்தறப்போ மணிக்கட்டு வலிக்கும். ஒத்தையா தூக்கணும்ல. மத்தது எதுவும் கஷ்டமில்ல. எனக்கு இதப் பிடிச்சிருக்கு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அவள் ஏதோ மறைக்கிறாளோ என்று முகத்தைத் துழாவவும் இல்லை. மெஷின் சுற்றி நின்றதும் தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, கனத்துக் கிடந்த பெட்ஷீட்டின் ஒரு முனையைத் தேடிப் பிடித்தார். மறுமுனையை அவள் எடுத்தாள்.

"செவ்வாக்கிழம வண்டிய அனுப்ப வேணாம்னு கடையில சொல்லிடறேன்."

"சொல்லுங்க" என்றாள் பெரியக்கா. "இப்போ அந்த முனைய நல்லாத் தூக்கிப் பிடிங்க. தரையெல்லாம் தண்ணி."